கூடாரம் விற்கும் தம்பியின் செவ்வாய்க்கிழமை



ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு சந்திக்கச் செல்வது நமது நெடுநாளைய வழக்கம். அவிநாசிப் பக்கத்தில் பணிபுரியும் குருக்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வார நாள்களில் இங்கே எந்த வீட்டிற்குச் சென்றாலும் கதவில் பூட்டுத்தான் தொங்கும். காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறியவர்கள் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில்தான் இறங்குகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வருகிறது. கறி எடுப்பது, துணி துவைப்பது, கோயிலுக்கு வருவது, உற்றாரைப் பார்ப்பது, அசந்து தூங்குவது ஆகிய யாவும் ஞாயிறு ஒரு நாளுக்குள் அடங்கியாக வேண்டும்.

அவ்வாறு ஒரு மாலையில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். தந்தை பேட்லாக் டெய்லர். தாய் செக்கிங் மேசையில் பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் பார்ப்பவர். மகன் பட்டப் படிப்பை முடித்தவன். பாடற்குழுவில் நல்ல குரல் உடையவன். பல வாரங்களாகப் பாடற்குழுவில் அவனைக் காணவில்லை. அதனைக் கேட்கவே சென்றோம் என்றும் சொல்லலாம்.

“தோத்திரம் சாமி, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்ட தாயிடம், “தம்பி எங்கேயம்மா?” என்றோம்.

“கோயமுத்தூர்ல கடைக்குப் போயிருக்கானுங்க சாமி. அவனுக்கு ஞாயித்துக்கிழமைதானுங்க வேலையே ஜாஸ்தி.”

என்ன கடை என்று கேட்டோம். அத்தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. “மலையேறப் போறவங்களுக்குச் சாமான் விக்கறாங்களாம். கொட்டாய் கூட விக்கறாங்களாமுங்க, மடிச்சுப் பையில வச்சு” என்றார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பச்சை நிற உறையையும் காட்டினார். ஊழியர்க்குரிய தள்ளுபடி விலையில் மகன் வாங்கிய கூடாரம் அது. வாங்கி ஓராண்டு ஆயிற்றாம். ஒரே ஒரு முறை விரித்தார்களாம், மொட்டை மாடியில், அக்காள் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது.

“பஞ்சுத் தூசியில நாங்க பட்டது போதும், பையன் ஏ.சி.யில வேலை பாக்கட்டும்னு சந்தோசப்பட்டேனுங்க. ஆனா மொகத்தப் பாக்க முடியறதில்லீங்க சாமி. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. எங்களுக்கு ஞாயித்துக்கிழமை. நான் வர்றப்ப அவன் தூங்கறான், அவன் வர்றப்ப நான் தூங்கறேன்.”

கண்ணீர் விட்டுச் சொல்லவில்லை. பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்வது போல் சொன்னார். ஆயினும் அச்சொற்கள் நம்மைத் தொடர்ந்து வந்தன.

சில நாள்களுக்குப் பின் ஒரு வார நாளில் அக்கடைக்கே செல்ல நேர்ந்தது. நமக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாள்தோறும் நடக்க வேண்டும், அதற்கென்று நல்ல காலணி அணிய வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. அத்தம்பியையே கேட்போமே என்று புறப்பட்டோம். அவிநாசியிலிருந்து கோவை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் தயவால் நகரத்திற்குள் நுழையும் வேதனை சற்றே குறைந்திருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் திகைப்பே மிஞ்சியது. விரித்து நிறுத்திய கூடாரங்கள், முதுகிலே சுமக்கும் பெரிய பைகள், உள்ளே புகுந்துகொண்டு உறங்குவதற்கான பைகள், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குகள், மடக்கும் கைத்தடிகள். கைத்தடிகளைக் கண்டதும் வெள்ளியங்கிரி நினைவு வந்தது. ஆண்டுதோறும் கோடையில் அம்மலையின் ஏழு குன்றுகளையும் ஏறும் இந்து சகோதரர்கள் அடிவாரத்தில் மூங்கில் கழி ஒன்றை வாங்கி ஊன்றியே ஏறி இறங்குகிறார்கள். இங்கே அலுமினியத்தில் இருப்பதும் அதே கழிதான், விலைதான் வேறு. ‘ஜாக்கெட்’ என்று எழுதியிருந்த வரிசையைக் கண்டு, இங்கே நமக்கென்ன வேலை என்று விலகி நடந்தோம். பின்னரே அது குளிருக்கும் மழைக்குமான மேலங்கி என்று விளங்கிற்று!

தம்பி நம்மைக் கண்டு ஓடி வந்தான். நம்மை இருக்கையில் அமர்த்தி, தான் தரையில் முழந்தாளிட்டு, நமது பாதத்தைக் கையில் ஏந்தி அளவெடுத்தான். நமக்குக் கூச்சமாய் இருந்தது. நாம் ஆண்டிற்கொருமுறை பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறோம். இவனோ நாள் முழுதும் எத்தனை பேர் முன்னே முழந்தாளிடுகிறானோ!

காலணியைப் பற்றி அவன் சொன்னவை யாவும் நமக்குப் புதியவை. காலையில் வாங்காமல் மாலையில் வாங்குவது நலமாம். நடந்து நடந்து பாதம் சற்றே உப்பியிருக்குமாதலால் அளவு சரியாக அமையுமாம். மலை இறங்கும்போது விரல்கள் முன்னே சென்று முட்டுமாம். ஆகவே அரை அளவு பெரிதாக எடுக்க வேண்டுமாம். நாம் மலையேறப் போவதில்லை என்றறிந்ததும், கையில் எடுத்த விலையுயர்ந்த இணையைத் திரும்பவும் அடுக்கில் வைத்துவிட்டான். “இது உங்களுக்கு வேண்டாங்க சாமி. ரோட்டுல நடக்கறதுக்கு இந்தச் சாதாரணதே போதும். காசத் தண்டமாக்காதீங்க” என்றான். காலுறையைப் புறம் திருப்பி, விரல் பக்கத்துத் தையலைத் தடவிப் பார்த்து, தடிப்பில்லாத ஒன்றைத் தேர்ந்து தந்தான். சர்க்கரை உள்ளவர் பாதத்தில் தையல் உரசிப் புண்ணானால் எளிதில் ஆறாது என்று எங்கோ படித்திருக்கிறான்.

கூட்டம் குறைவாய் இருந்தபடியால் சற்று நேரம் பேச முடிந்தது. அவன் தொழிலைப் பற்றிக் கேட்டோம். கூடாரத் துணியில் 2000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், அத்துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத்திற்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருளாம். முதுகுப்பையின் பாரம் தோளில் இறங்காமல் இடுப்பில் இறங்க வேண்டுமாம். அதற்காகக் கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாடாப் பிடித்து அளக்கிறான். யாவற்றிலும் நம்மை வியக்க வைத்தது பனியனைப் பற்றி அவன் கூறியது. பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். நமது வெயிலுக்கு அது சுகம். மலையுச்சியின் குளிர்காற்றிலோ ஈரத் துணி உடற்சூட்டை உறிஞ்சி உயிருக்கே உலை வைக்கும். ஆகையால் மலையேறுவோருக்குப் பாலியஸ்டர் பனியனையே எடுத்துக் கொடுக்கிறான். அதையும் நெருப்பருகே அணிந்து உட்காரக்கூடாது, பொறி பட்டால் உருகிவிடும் என்று எச்சரித்து அனுப்புகிறான். பருத்தியால் உயிர் வாழும் ஊரிலிருந்து, பருத்தியால் வளர்ந்த பிள்ளை, ‘பருத்தி வேண்டாம்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறான்! சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். துணியைத் தொட்டதுமே அதன் ஜி.எஸ்.எம். எத்தனை என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவானாம். பையின் வார் அழுந்தும் இடத்தில் ஓவர்லாக் தையல் உரசும், பேட்லாக் தையல் தட்டையாய்ப் படிந்து உரசாது என்பதை அப்பாவின் மிஷினருகே விளையாடிய காலத்திலேயே அறிந்தவன் அல்லவா? மற்ற ஊழியர்கள் பயிற்சியில் கற்றதை இவன் தொட்டிலிலேயே கற்றிருக்கிறான்.

இத்தகைய கடைகள் நம் பக்கத்தில் பெருகியது அண்மைக் காலத்தில்தான். பிரான்சில் லீல் நகரருகே ஆங்லோ என்ற ஊரில் 1976ஆம் ஆண்டு மிஷேல் லெக்லெர்க் என்பவர் தொடங்கிய ‘டெக்கத்லான்’ நிறுவனம் 2009இல் பெங்களூரில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. பெங்களூரிலேயே 1998இல் தோன்றிய ‘வைல்ட்கிராப்ட்’ கூடாரங்களும் பைகளும் செய்து விற்கிறது. (தம்பி வேலை பார்க்கும் கடை இவற்றுள் எதுவும் அன்று, வாசகர்கள் ஊகிக்க முயல வேண்டா.) வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலைநடை சென்ற இளைஞர்களும் யுவதிகளும் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. அவர்களில் நம் கொங்கு நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அதன் பின் அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் திட்டமும் தொடங்கிற்று. இன்று வார இறுதியில் மலைக்குச் செல்வது படித்த இளைஞரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அவ்வாறு செல்பவர்கள் சனி ஞாயிறுகளில்தான் கடைக்கு வருகிறார்கள். ஆகவே கடையூழியனுக்குச் சனி ஞாயிறு என்பது கிடையாது. பிறர் ஓய்வுக்கு வேண்டியதை விற்பவனுக்கு அவர்கள் ஓய்ந்திருக்கும் நாளே உழைக்கும் நாள்.

இத்தொழிலுக்கு ஒரு பெருமைக்குரிய வரலாறும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் என்ற தம்பதியர் மலையேறுவதில் விருப்பம் மிக்கவர்கள். பனிமலையில் ஊன்றி ஏறும் கோடாரி உள்ளூரில் விலை மிகுந்திருக்கவே, ஆஸ்திரியாவிலிருந்து அஞ்சலில் 3.50 டாலருக்குத் தருவித்தார்கள். நண்பர்கள் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள். அதிலிருந்து 1938ஆம் ஆண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதுவே இன்று ஆர்.இ.ஐ. எனப்படும் பெருநிறுவனம். நம் கூட்டுறவுப் பண்டகசாலை போல வாங்குவோரே உறுப்பினர். 1955இல் அதன் முதல் முழுநேர ஊழியராகச் சேர்ந்த ஜிம் விட்டேக்கர் 1963 மே 1ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த முதல் அமெரிக்கர் ஆனார். அவரோடு கூட ஏறியவர் டென்சிங்கின் மருமகனும் டார்ஜிலிங்வாசியுமான நவாங் கோம்பு. அதே கோம்பு 1965இல் கேப்டன் கோஹ்லி தலைமையில் சென்ற நம் நாட்டுக் குழுவோடு மீண்டும் ஏறி, எவரெஸ்ட்டை இருமுறை எட்டிய முதல் மனிதர் என்ற புகழைப் பெற்றார். விட்டேக்கர் பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார். கடைச் சிப்பந்தி ஒருவர் உலகின் உச்சியில் நின்றார் என்பது எத்துணை இனிய செய்தி! இன்றும் இத்தகைய கடைகள் ஆள் எடுக்கும்போது விளையாட்டிலும் மலைநடையிலும் ஆர்வமுள்ளவர்களையே தேடுவதற்கு இதுவே வேர் எனலாம்.

ஆனால் ஆர்வத்தைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடத் தொடங்கும்போது தொல்லை பிறக்கிறது. ‘இது வேலையே அன்று, உனக்குப் பிடித்த வாழ்க்கை’ என்று சொல்லப்படும் இடத்தில், விடுப்புக் கேட்பவன் வாழ்க்கையையே வெறுப்பவன் போல் ஆகிவிடுகிறான். அதே ஆர்.இ.ஐ. 2015இல் ஒரு புதுமை செய்தது. அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றியறிதல் நாளுக்கு மறுநாளான வெள்ளிக்கிழமைதான் ஆண்டிலேயே வணிகம் மிக்க நாள். நமக்குத் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு போல. அன்று தன் 143 கடைகளையும் அடைத்து, ஏறக்குறைய 12,000 ஊழியர்களுக்கும் சம்பளத்தோடு விடுப்புத் தந்து, ‘நீங்களும் வெளியே போய் நடந்து வாருங்கள்’ என்று அனுப்பிற்று. மெச்சத்தக்க செயல். நாம் மனமார மெச்சுகிறோம். எனினும் 2022 மார்ச் 2ஆம் நாள் நியூயார்க்கிலுள்ள அதன் கடையொன்றின் ஊழியர்கள் தொழிற்சங்கம் வேண்டுமென்று வாக்களித்தார்கள்; ஆதரவாக 88, எதிராக 14. ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை போதவில்லை என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

கலிபோர்னியாவின் ‘பாட்டகோனியா’ நிறுவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை 1973இல் தொடங்கிய இவோன் ஷுவினார்ட் கொல்லுப்பட்டறையில் மலையேற்ற ஆணிகளை அடித்து விற்றுத் தொழிலுக்கு வந்தவர். 2011 நவம்பரில் தன் மேலங்கி ஒன்றின் படத்தை நாளிதழில் போட்டு, ‘இதை வாங்க வேண்டாம்’ என்றே விளம்பரம் செய்தது அந்நிறுவனம். தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது பூமிக்குக் கேடு என்பது அதன் வாதம். (நம் தம்பி விளம்பரம் ஏதுமின்றி அதையே நம்மிடம் சொன்னான், அவன் மேலாளர் காதில் விழாதிருந்தால் சரி.) அவர் 2005இல் எழுதிய நூலின் தலைப்பு, ‘என் ஆட்களை அலைச்சறுக்கப் போகவிடு’ என்று பொருள்படும். கடலில் நல்ல அலை எழும் வேளையில் ஊழியன் பலகையை எடுத்துக்கொண்டு போகலாம், வேலையைப் பின்னர் முடித்தால் போதும் என்பது அவர் கொள்கை. எழுதுமேசையில் வேலை செய்பவருக்கு இது இயலும். கல்லாவில் வரிசை நிற்கும்போது விற்பனையாளன் அலையைத் தேடிப் போக முடியுமா என்பது நமது ஐயம்.

அத்தலைப்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது வேதம் வாசிக்கும் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தில் மோசே பார்வோனிடம் சென்று கேட்பதை நாம் பெரிய அரசியல் கோரிக்கையாகவே பிரசங்கித்து வந்திருக்கிறோம். சற்று நின்று வாசித்தால், மோசே அன்று கேட்டது பாலைவனத்திற்குப் போய்த் திருவிழாக் கொண்டாட மூன்று நாள் பயணம். அதாவது விடுப்பு விண்ணப்பம்! பார்வோன் சொன்ன மறுமொழியோ, இவர்களுக்கு வேலை போதவில்லை, சோம்பல் மிகுந்துவிட்டது என்பதாகும். செங்கல்லுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல்லின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. இலக்கு நிர்ணயித்து வேலை வாங்கும் இந்நாளைய அலுவலகங்களுக்கு அவன் முன்னோடி எனலாம்.

நிற்க. நம் கடைக்குத் திரும்புவோம். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் தம்பி நின்றுகொண்டே இருந்தான். நின்று வேலை செய்வோர்க்குக் கால் வீக்கம், குதிகால் வலி, நரம்பு முடிச்சு ஆகியவை வருவது அனைவரும் அறிந்ததே. அவனுக்கு வயது இருபத்தைந்து கூட ஆகவில்லை. குதிகாலில் வலி இப்போதே தொடங்கிவிட்டதாம். நமக்குத் தேர்ந்து தந்த காலணியைப் போன்ற ஒன்று அவன் காலில் இல்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், உண்டு. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களுக்கு மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைக்க வேண்டுமென்று சட்டம் வந்துவிட்டது. நம் பக்கத்தில் அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்குப் போக வழியின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, நாள் முழுதும் நின்று வாடிய கொடுமையை எதிர்த்து, விஜி என்ற தையற்காரப் பெண்மணி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் திரட்டிப் போராடினார். அதன் பயனாகக் கேரளம் 2018இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை வழங்கியது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, கடைகளில் ஊழியர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று விதி ஏற்பட்டது. 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இவ்விதி ஏன் வேண்டியதாயிற்று என்று கேட்கமாட்டார்கள்.

“உங்களுக்கு ஸ்டூல் இல்லையா, தம்பி?” என்று கேட்டோம்.

“இருக்குங்க சாமி” என்று கல்லாப் பக்கம் காட்டினான். இரண்டு முக்காலிகள் இருந்தன. அவற்றின் மீது காலணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“உட்காரக் கூடாதென்று யாரேனும் சொன்னார்களா?”

“அப்படி ஒருத்தரும் சொல்லலீங்க. ஆனா ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. உக்காந்தா வேலை இல்லாதவனாட்டம் தெரியுமுங்க.”

முதலாளியைப் பார்வோன் என்று சொல்லிவிட்டு நாம் எளிதாய்ப் போய்விட முடியவில்லை. அம்மேலாளரும் அவ்விடத்தில் நின்றுகொண்டேதான் இருந்தார். நாமும் எத்தனையோ கடைகளில், உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியைக் கண்டு, ‘இவன் எழுந்து வரமாட்டானா’ என்று முகம் சுளித்திருக்கிறோம். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் முக்காலி பெட்டிகளைச் சுமக்கிறது. இதனை எழுதும்போது நமக்கே வெட்கமாயிருக்கிறது.

வார விடுமுறைக்கும் சட்டம் உண்டு. 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு இரட்டைக் கூலி. வாரத்தில் ஒரு நாள் கடையையே அடைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நோக்கம். கடை அடைத்திருந்தால் எல்லார்க்கும் ஒரே நாளில் ஓய்வு கிட்டும் அன்றோ? 2019 ஜூனில், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வெளியாயிற்று. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது. ஊழியர் ஒவ்வொருவர்க்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு. ஆகவே கணக்கில் குறைவில்லை. தம்பிக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு; தாய்க்கும் ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. இரண்டும் ஒரே நாளில் விழவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. குடும்பம் என்ற ஒன்று அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அடங்காமல் நழுவிவிடுகிறது.

ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை என்று இத்தகைய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோரை நாம் அறிவோம். கடிந்துகொண்ட குருக்களையும் அறிவோம். நாமே அவர்களில் ஒருவராய் இருந்ததுண்டு. மருத்துவமனைத் தாதியும் பேருந்து ஓட்டுநரும் ஞாயிறன்று வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை கூற எவர்க்கும் மனம் வராது. கூடாரம் விற்பது அத்தகைய அவசரமா என்றால் இல்லைதான். ஆனால் அதைத் தீர்மானிப்பவன் தம்பியல்லன். ஞாயிறு பூசை முடிந்து குடும்பத்தோடு கோவைக்குப் போய்க் கடை கடையாய் ஏறி இறங்கும் நம் மக்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் தீர்மானிப்பவர்களில் சேர்ந்தவர்கள். நம் பங்கில் வார நாள் ஒன்றின் மாலைப் பூசையைச் செவ்வாய்க்கு மாற்றினால் தம்பியைப் போன்ற நாலைந்து பேருக்கு உதவும் என்று எண்ணியிருக்கிறோம். நகரக் கடைகளுக்குச் செல்லும் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபின் முடிவு செய்வோம்.

வேலையை விட்டுவிடேன் என்று நாம் அத்தம்பியிடம் சொல்லவில்லை. அவன் விட விரும்பவும் இல்லை. முதன்முதலாகக் குழந்தையை மலைக்கு அழைத்துச் செல்லும் தந்தை ஒருவர்க்குச் சரியான பையைத் தோளில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, கண்ணாடி முன் நிறுத்திய கதையை அவன் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த ஒளி பொய்யானதன்று. திரும்பி வந்து நன்றி சொல்லும் வாடிக்கையாளரும் உண்டாம். சேறு படிந்த காலணியைக் கொண்டுவந்து ‘போடவே இல்லை, காசைக் கொடு’ என்று சண்டையிடுவோரும் உண்டாம். அரை மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டு, கடைக்குள் நின்றபடியே கைப்பேசியில் வேறிடத்தில் வாங்குவோரும் உண்டாம். இத்தனை மலைகளின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் அவன் இதுவரை ஏறிய மலை எது என்று கேட்டோம். கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு ஏற்காடு போனதுண்டு என்றான். பேருந்தில்.

சென்ற ஞாயிறு அவ்வீட்டிற்கு மறுபடியும் சென்றோம். தாய் முகம் மலர்ந்து ஒரு செய்தி சொன்னார். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவர் கம்பெனிக்குப் போகவில்லையாம். அன்றைய கூலி போயிற்று. மகனும் அவரும் விடியற்காலையில் புறப்பட்டு அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்திலேயே கோத்தகிரி போய்விட்டு இரவு திரும்பினார்களாம். குளிருமே என்று மகன் தன் மேலங்கியைத் தாய்க்குப் போட்டுவிட்டானாம். தேயிலைத் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்களாம்.

“அந்தச் சட்டையில ஒரு தையல் விட்டிருந்துச்சுங்க சாமி, கைக்குழிகிட்ட. எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்ம கோயில் திருவிழா அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதானுங்களே. லீவு எழுதிக் குடுத்திருக்கான். தேர் தூக்கணும்னு ஆசைப்படறான்” என்றார்.

விடுப்புக் கிடைத்ததா என்று கேட்டோம். அடுத்த வாரத்துக்குரிய பட்டியல் வியாழக்கிழமை மாலைதான் ஒட்டப்படுமாம்.